மேடைப் பேச்சில் தேர்ந்த மாணவி இதழியல் படிக்கலாமா: பாலக்கோட்டிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்த ஓர் ஊராட்சியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கி வருபவள். ‘எனக்குப் பேச வரும், ஆகவே பத்திரிகையாளர் ஆவேன்’ என்கிறாள். உறவினர்களோ நர்சிங் அல்லது பி.காம். என்கிறார்கள். இதழியல் படிக்க வைக்கலாமா, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) நல்லதா இதழியல் நல்லதா, பக்கத்திலேயே படிக்க முடியுமா அல்லது சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டுமா, கல்லூரியில் சேருவதற்கு முன்பே அவள் கேட்கும் கேமராவை வாங்கித் தரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

படிக்க வைக்கலாம் என்பதே என் பதில். ஆனால் ‘நன்றாகப் பேசுகிறாள்’ என்பதை அதற்குக் காரணமாகக் கொள்ள வேண்டாம். மேடைப் பேச்சையும் இதழியலையும் பல்கலைக்கழகங்கள் ஒரே கூரையின் கீழ் கற்பித்தாலும், இரண்டும் கேட்கும் மனப்பழக்கம் வேறு. பேச்சுப் போட்டியில் தலைப்பு முன்பே தரப்படும். முடிவும் ஏறத்தாழ முன்பே தெரிந்திருக்கும். அந்த முடிவை நோக்கி மேற்கோள்களையும் சான்றுகளையும் அடுக்கி, கேட்பவரைத் தன் பக்கம் கொண்டுவருவதே அங்கு வேலை. செய்தியாளருக்கு முடிவு தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டு களத்துக்குப் போனால் செய்தி அங்கேயே கெட்டுவிடும். தன் வாதத்துக்கு உதவாத தகவலைப் பேச்சாளர் விட்டுவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். செய்தியாளர் முதலில் சரிபார்க்க வேண்டியது அந்தத் தகவலைத்தான். பரிசு பெற்ற பேச்சாளர்கள் இதழியல் வகுப்பின் முதல் ஆண்டில் தடுமாறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்: அவர்களுடைய செய்திக் குறிப்பு முதல் வரியிலேயே தீர்ப்பு சொல்லிவிடும்.

உங்கள் ஊர் தக்காளியையே எடுத்துக்கொள்வோம். விலை சரிந்த ஒரு நாளில் பாலக்கோடு மண்டிக்கு ஒரு மாணவியை அனுப்பினால், ‘தக்காளி விலை வீழ்ச்சி, விவசாயிகள் கவலை’ என்று எழுதிக்கொண்டு வருவாள். இந்தத் தலைப்பு எத்தனை ஆண்டுகளாக நாளிதழ்களில் வந்துகொண்டிருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதற்கு மண்டி வரை போக வேண்டிய அவசியமும் இல்லை. நல்ல ஆசிரியர் அவளைத் திருப்பி அனுப்பிக் கேட்கச் சொல்வார்: ஒரு கிரேடில் (தக்காளிப் பெட்டியில்) எத்தனை கிலோ பிடிக்கிறது, இன்று அது எந்த விலைக்கு ஏலம் போனது, அதில் கமிஷன் எவ்வளவு, பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போக விவசாயியின் கையில் நின்றது என்ன, அதே தக்காளி தர்மபுரி கடைவீதியில் இன்று என்ன விலை, வெளிமாநில வரத்து கூடியதா அல்லது இங்கேயே நடவுப் பரப்பு கூடியதா, நட்டம் என்று சொல்கிறவரின் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதையே சொல்கிறாரா. இவ்வளவும் கேட்ட பிறகு சில நாட்களில் ‘வீழ்ச்சி’ என்ற சொல்லே பொருந்தாமல் போகலாம். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளை எல்லாப் பாடநூல்களும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகின்றன. அவற்றில் ‘ஏன்’ என்பதற்கு ஒருவர் சொன்ன பதிலை இன்னொருவரிடம் சரிபார்க்கும் பழக்கம் வர மூன்று ஆண்டுகள் ஆகும். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் செலுத்துவது இந்தப் பழக்கத்துக்காகத்தான்.

இதழியல், மேடைப் பேச்சு, தகவல் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் தொடர்பியல் ஆகிய மூன்றும் ஒரே துறைக்குள் வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பாடத்திட்டத்தைப் படிக்கும்போது அது உதவும். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 1908இல் இதழியலுக்கென்று ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கியது. அதே நாட்டில் மேடைப் பேச்சு கற்பித்த ஆசிரியர்கள் 1914இல் ஆங்கில ஆசிரியர்களின் அமைப்பிலிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டார்கள். ‘யார், என்ன, எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவோடு சொல்கிறார்’ என்று அமெரிக்க அரசியல் அறிஞர் லாஸ்வெல் 1948இல் வகுத்துக் கேட்ட காலத்தில்தான் தொடர்பியல் ஓர் ஆய்வுத் துறையாக உருப்பெற்றது. அன்றைய இந்தியாவில் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947இலும் இதழியல் கற்பிக்கத் தொடங்கின. விடுதலைக்குப் பிறகு நம் நாட்டில் இத்துறைக்கு வேளாண்மையும் சுகாதாரமும் சார்ந்த ஒரு கிளை முளைத்தது. தஞ்சை மாவட்டத்தில் வானொலி வழியாகப் பரவிய ஆடுதுறை 27 நெல்லை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்ததை வளர்ச்சித் தொடர்பியல் வகுப்புகளில் இன்றும் எடுத்துச் சொல்வார்கள். ஆக, ஒரே பட்டத்துக்குள் செய்தி எழுதுதல், பேசுதல், தகவல் எப்படிப் பரவுகிறது என்ற சமூக ஆய்வு ஆகிய மூன்றும் இருக்கும். எந்தக் கல்லூரி எதற்கு எத்தனை தாள்கள் தருகிறது என்பதைப் பார்த்தாலே அதன் நாட்டம் விளங்கிவிடும்.

பேச்சும் பத்திரிகையும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததற்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. பாப்பாரப்பட்டியில் 1925ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று மறைந்த சுப்பிரமணிய சிவா, 1908இல் தூத்துக்குடியில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்காகச் சிறை சென்றவர். விடுதலையான பின்பு 1913இல் ‘ஞானபாநு’ என்ற இதழைத் தொடங்கி நடத்தியவர். கூட்டத்தை எழுச்சி கொள்ளச் செய்த குரல் ஒன்று. மாதந்தோறும் பிறரிடம் கட்டுரை வாங்கி, திருத்தி, அச்சுக்கு அனுப்பிய உழைப்பு வேறொன்று. இரண்டையும் செய்தவரின் நினைவிடம் பாப்பாரப்பட்டியில் இருக்கிறது. உங்கள் மகள் அதைப் பார்த்திருக்காவிட்டால் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

மேடைப் பேச்சுக்கென்று தனிப் பட்டப்படிப்பு தேடி அலைய வேண்டாம். நம் கல்லூரிகளில் அது பெரும்பாலும் மென்திறன் தாளாகவோ, ஊடகப் படிப்பில் அறிவிப்பாளர் பயிற்சியாகவோதான் இருக்கும். அதனால் அவளிடம் இருக்கும் திறமை வீண் என்று பொருளல்ல. அதை வளர்க்கும் இடம் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. தமிழ் வளர்ச்சித் துறை, தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி மாவட்ட அளவில் கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் பேச்சுப் போட்டிகளில் 5,000, 3,000, 2,000 ரூபாய் என்று பரிசுகள் தரப்படுகின்றன. அவற்றில் அவள் தொடர்ந்து கலந்துகொள்ளட்டும். ஆனால் மனப்பாடம் செய்து முழங்கும் பாணியை இந்த வயதிலேயே தளர்த்திக்கொள்வது நல்லது. வானொலிக்கு அந்தப் பாணி ஆகாது. தர்மபுரி ஆகாசவாணி போன்ற நிலையங்கள் தற்காலிக அறிவிப்பாளர்களுக்குக் குரல் தேர்வு வைக்கும்போது, ஒலிவாங்கியின் முன்னால் ஒரே ஒருவரிடம் பேசுவதுபோல் பேச வருகிறதா, ழகர லகர ளகரம் பிசகாமல் வருகிறதா, முன்பின் தெரியாத ஒரு குறிப்பைத் தடுமாறாமல் படிக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இன்னொரு பயிற்சிக்களம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. பதினெட்டு வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அங்கே எழுந்து பேசும் உரிமை அவளுக்கே உண்டு. கைத்தட்டல் கிடைக்காது, ‘அந்தக் குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு செலவானது’ என்று கேட்டால் எதிர்க்கேள்விதான் வரும். எதிர்க்கேள்விக்கு நடுவே நிதானம் இழக்காமல் பேசுவதை எந்தப் பேச்சுப் போட்டியும் கற்றுத்தராது.

இனி விஸ்காமா, இதழியலா என்ற கேள்வி. பெயரைப் பார்த்து ஏமாந்து சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் வருந்துகிறவர்கள் இங்குதான் அதிகம். காட்சித் தொடர்பியல் எனப்படும் விஸ்காம் பி.எஸ்சி. பட்டம், ஓவியம், புகைப்படம், வரைகலை, விளம்பரம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவை அதன் உடல். செய்தி எழுதுதல் ஓரிரு தாள்களில் அடங்கிவிடும். சேருகிற மாணவர்களில் பெரும்பகுதியினர் மனத்தில் சினிமாதான் இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் வகுப்பின் பேச்சும் அந்தத் திசையிலேயே ஓடும். தவிர, கட்டண ரசீதில் வராத செலவுகள் விஸ்காமில் உண்டு: குறும்படத்துக்கு, அச்சிட்ட புகைப்படத் தொகுப்புக்கு, படத்தொகுப்பு செய்யும் அளவுக்குத் திறனுள்ள மடிக்கணினிக்கு என்று அது நீளும். இதழியல் பட்டத்தில் எழுத்து, செய்தித் திருத்தம், ஊடகச் சட்டம், அரசமைப்பு, பொருளாதாரத்தின் அடிப்படை ஆகியவை கூடுதலாக இருக்கும். ஒளியும் ஒலியும் அவளை ஈர்த்தால் தயங்காமல் விஸ்காம். செய்திதான் ஈர்க்கிறது என்றால் அதைத் தவிர்க்கலாம்.

செய்திதான் என்றால், என் பரிந்துரை பலருக்கு வியப்பளிக்கும்: இளநிலையில் இதழியலையே எடுக்க வேண்டியதில்லை. பொருளாதாரம், வரலாறு, அரசியல் அறிவியல், வேதியியல், தமிழ், இவற்றில் அவளுக்குப் பிடித்த ஒன்றை இளநிலையில் ஆழமாகப் படித்துவிட்டு, முதுநிலையில் இதழியலுக்கு வருவது நல்லது. எழுதும் முறையை ஓரிரு ஆண்டுகளில் கற்றுவிடலாம். எழுத ஒரு பொருளறிவு வேண்டும், அது ஓரிரு ஆண்டுகளில் வராது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது எல்லோரும் அறிந்த செய்தி; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு வந்ததே அதைக் கருதித்தான். ஆனால் ஒரு நீர் ஆய்வறிக்கையைக் கையில் கொடுத்தால், ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் என்ன பொருள், மாதிரி எந்த ஆழ்துளைக் கிணற்றில் எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது, பல்லில் கறை வருவதற்கும் எலும்பு பாதிக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு என்ன என்று கேட்கத் தெரிந்த நிருபர்கள் மிகச் சிலரே. வேதியியல் படித்துவிட்டு வந்த ஒரு பெண் அந்த இடத்தில் மற்றவர்களைவிடப் பல படி முன்னால் நிற்பாள். வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற உங்கள் உறவினர்களின் அச்சத்துக்கும் இவ்வழியில் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

இந்த வழியைத் தேர்ந்தால், முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஊரைவிட்டுத் தொலைவு போக வேண்டியதும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் அரசு கலைக் கல்லூரிகளில் இந்தப் பாடங்களுக்கு இணையவழியில் ஒரே விண்ணப்பமாகப் போடலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முதுநிலைக்கு, சேலம் கருப்பூரில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் துறை இருக்கிறது. 1997இல் தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்தான் நம் இரு மாவட்டங்களும் வருகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறை பழமையானது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் செலவும் தாங்கக்கூடியது. சென்னையிலுள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தரும் முதுநிலை டிப்ளமோவில் பயிற்சி கடுமையாக இருக்கும், கட்டணமும் கடுமையாகவே இருக்கும். உதவித்தொகை உண்டு என்பதால் தகுதியுள்ளவர்கள் கட்டணத்தைப் பார்த்து மட்டும் விலகிவிடக் கூடாது. புதுதில்லியில் 1965இல் தொடங்கப்பட்டு 2024இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தையும் பட்டியலில் வையுங்கள். பெங்களூரு ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான் என்றாலும், அங்குள்ள தனியார் கல்லூரிகளின் கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்தால், இளநிலைக்கே அங்கு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த நிறுவனங்களில் பலவற்றில் பயிற்று மொழி ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவள் என்றால் இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை: ஆங்கிலத்தில் அழகாகப் பேச வேண்டியதில்லை, ஆனால் ஒரு தீர்ப்பையோ அரசாணையையோ தணிக்கை அறிக்கையையோ ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் தவறில்லாமல் சொல்லத் தெரியாமல் இத்தொழிலில் மேலே போவது கடினம். இளநிலை மூன்று ஆண்டுகளும் நாளொன்றுக்கு ஓர் ஆங்கில நாளிதழையும் ஒரு தமிழ் நாளிதழையும் எதிரெதிரே வைத்து, ஒரே செய்தியை இரண்டும் எப்படித் தந்திருக்கின்றன என்று படித்தால் போதும். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. அதை அவர்களே குறையாக எண்ணி மறைப்பதைப் பார்க்கையில் எரிச்சல்தான் வருகிறது. காவிரி நீர்ச் சிக்கலோ, மாங்கூழ் ஆலைகளுக்கு ஆந்திரத்திலிருந்து வரும் மாம்பழமோ, எதைப் பற்றி எழுதினாலும் எல்லைக்கு அப்பால் இருப்பவரிடம் அவர் மொழியிலேயே பேச முடிகிற நிருபருக்குக் கிடைக்கும் செய்தி வேறு.

ஊடகச் சட்டம் என்றொரு தாள் உண்டு. மாணவர்கள் இதைத்தான் மனப்பாடம் செய்து கடக்கிறார்கள். நம் மாவட்டத்தில் பிறந்தவளுக்கு அது ஏட்டுப் பாடமாக இருக்க வேண்டியதில்லை. அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய்த் துறையினர் நுழைந்து பழங்குடி மக்களுக்கு இழைத்த கொடுமைகள் தொடர்பான வழக்கில், தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் இடையில் இறந்துபோன 54 பேர் தவிர மற்ற 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முதல் நாள் செய்திக்கும் தர்மபுரி நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள். அரசுத் தரப்பின் மறுப்பை மட்டும் வைத்து எழுதினால் என்ன விடுபடும், விசாரணையில் இருக்கும் வழக்கைப் பற்றி எதை எழுதலாம், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதை முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவும் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் ஏன் தடுக்கின்றன, ஒரு செய்தியைப் பத்தாண்டு கழித்தும் பின்தொடர்வது எப்படி என்ற அத்தனை பாடமும் அந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

படிக்கும் காலத்தில் செய்யக்கூடிய பயிற்சிகளும் அருகிலேயே உள்ளன. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று, மனுவோடு வருகிறவர்களிடம் பேசினால் ஒரு மாவட்டத்தின் உண்மையான செய்திப் பட்டியல் கிடைத்துவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு எழுதலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எந்த ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று துல்லியமாகக் கேட்கக் கற்பதே ஒரு நல்ல எழுத்துப் பயிற்சி. ‘ஏன் சாலை போடவில்லை’ என்று கேட்டால் பதில் வராது, ‘பணி ஆணையின் நகலைத் தருக’ என்று கேட்டால் வரும். கல்லூரியில் சேர்ந்தபின் விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். எந்த இளநிலைப் பாடம் படித்தாலும் இதற்குத் தடையில்லை, இன்று பெயர் தெரிந்த செய்தியாளர்கள் பலர் அந்த வழியில் வந்தவர்கள்.

வேலையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மாவட்ட, தாலுகா அளவில் பகுதிநேர நிருபர்களாக இருப்பவர்களில் பலருக்கு நிலையான சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்கு ஏற்பத்தான் பணம். சில இடங்களில் விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பும் அவர்கள் தலையிலேயே விழும். விளம்பரம் தந்தவரைப் பற்றியே செய்தி எழுத நேரும்போது ஏற்படும் சங்கடத்தை நான் விளக்க வேண்டியதில்லை. படிப்பு முடித்தவுடன் இந்த வேலைக்குள் நுழைவதைவிட, நாளிதழின் பதிப்பு அலுவலகத்தில் செய்திப் பிரிவு உதவி ஆசிரியராகத் தொடங்குவது மேல். தினமணி போன்ற நாளிதழ்களுக்குத் தர்மபுரியிலேயே பதிப்பு உண்டு. நள்ளிரவு வரை நீளும் பணி, முதல் சில ஆண்டுகளில் சம்பளமும் குறைவு, ஆனால் பத்துப் பேர் எழுதியதைத் திருத்துகிற கை விரைவில் தேறிவிடும். இவை தவிர, செய்தி மக்கள் தொடர்புத் துறை, ஓசூர்த் தொழிற்சாலைகளின் தகவல் தொடர்புப் பிரிவுகள், தொண்டு நிறுவனங்கள், மொழிபெயர்ப்பு, காணொளிகளுக்கு வசனத் துணையெழுத்து (சப்டைட்டில்), இணையக் காணொளித் தளங்கள் என்று வாய்ப்புகள் உண்டு. கல்லூரி ஆசிரியராக விரும்பினால் முதுநிலைக்குப் பின் ‘நெட்’ தேர்வில் இதழியலும் ஒரு பாடம்.

ஒரு துறையில் சேர்ப்பதற்கு முன் நீங்கள் நேரில் போய்க் கேட்க வேண்டியது இரண்டுதான். மாணவர்களே தயாரிக்கும் பயிற்சி இதழ் வெளிவருகிறதா, கடைசி இதழைக் காட்டுவார்களா? மாணவர் எழுதியதை வரிக்கு வரி சிவப்பு மையில் திருத்தித் தரும் ஆசிரியர் யார், அவர் எந்தச் செய்தி நிறுவனத்திலாவது பணியாற்றியவரா? ஸ்டுடியோவையும் குளிரூட்டிய அரங்கையும் சுற்றிக்காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கேமராவை இப்போது வாங்க வேண்டாம். இளநிலையில் வேறு பாடம் படிக்கப் போகிறாள் என்றால் அது மூன்று ஆண்டுகள் பெட்டியில் தூங்கும். விஸ்காமிலேயே சேர்ந்தாலும் முதல் ஆண்டுப் பயிற்சிக்குத் துறையின் கேமரா கிடைக்கும், எந்த வகை தனக்குத் தேவை என்பது இரண்டாம் ஆண்டில்தான் அவளுக்கே தெரியவரும். பேட்டியைப் பதிவு செய்யவும் படம் எடுக்கவும் கையிலிருக்கும் கைபேசி போதும். அதனோடு சட்டையில் மாட்டும் சிறிய மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள், மண்டி இரைச்சலில் எடுக்கும் பேட்டிக்கு அது இல்லாமல் முடியாது. மிச்சப் பணத்தில் இரண்டு நாளிதழ்களுக்குச் சந்தா கட்டிவிடுங்கள்.